வீட்டு வேலை செய்பவர் பிள்ளையைத் தனியார் பள்ளியில் படிக்க வைப்பது வெட்டிச் செலவா?

கேள்வி நீளமாக இருப்பதால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவும் அவர் கணவரும் சேர்ந்து சம்பாதிப்பது மாதம் இருபதாயிரத்தைத் தாண்டாது. மகள் ஐந்தாம் வகுப்பு, மாநகராட்சிப் பள்ளியில். மகன் இரண்டாம் வகுப்பு, தெருமுனையில் இருக்கும் ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளியில். ஜூன் பிறந்தால் டெர்ம் ஃபீஸுக்கு உங்களிடம் முன்பணம் கேட்கிறார். "இலவசமாகப் படிக்க வழி இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு, பையனையும் மாநகராட்சிப் பள்ளியில் போடு என்று நான் சொல்லலாமா? ஏழை நாடுகளில் இந்த மாதிரி குறைந்த கட்டணப் பள்ளிகளால் நிஜமாகவே பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பள்ளிக்குப் போவதால் பையன் கூடுதலாக எதையாவது கற்கிறானா என்பது ஒன்று. அந்த அக்கா ஏமாறுகிறாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் "பெரிதாக இல்லை" என்று வந்தாலும், இரண்டாவதற்குப் பதில் "ஆமாம்" ஆகிவிடாது.

நான் ஆந்திராவிலும் இன்றைய தெலங்கானாவிலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, கணக்குத் தேர்வு வைக்கும் களக்குழுக்களோடு பல வருடம் அலைந்தவன். ஊர் திரும்பிய பிறகு சின்னச் சின்னப் பள்ளிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வகுப்பறையும் ஓரளவு தெரியும், கல்லாவும் தெரியும். புள்ளியியல் நுணுக்கங்களில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே இருப்பார்கள்.

தனியார் பள்ளிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாக வாசிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள் என்பதை நம் நாட்டில் எந்தக் கணக்கெடுப்பைப் புரட்டினாலும் பார்க்கலாம். அதை வைத்து முடிவுகட்டினால் தப்பாகிவிடும். ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிற வீட்டில் அம்மா பத்தாவது வரையாவது படித்திருப்பார், சாயங்காலம் டியூஷன் இருக்கும், வீட்டில் கையிருப்பும் கொஞ்சம் கூட இருக்கும். கிடைத்த மார்க்கில் பள்ளி கொடுத்தது எவ்வளவு, வீடு கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிப்பதற்கு ஆகச் சுத்தமான வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிள்ளைகளை அனுப்புவதுதான்.

அதைத்தான் 2008-இல் ஆந்திராவில் செய்தார்கள். 5 மாவட்டங்களில் 180 கிராமங்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தியது. முடிவுகள் 2015-இல் அச்சேறின. தனியார் பள்ளிக்குப் போக விருப்பமுள்ள குடும்பங்களிடம் விண்ணப்பம் வாங்கி, குலுக்கலில் பெயர் விழுந்த பிள்ளைகளுக்குக் கட்டணம், புத்தகம், சீருடை, ஷூ வரை செலவை ஏற்றுக்கொண்டார்கள். பெயர் விழாத பிள்ளைகளும் அதே மாதிரி வீட்டுப் பிள்ளைகள், அதே அளவு ஆசை உள்ள பெற்றோர். நாலு வருடம் கழித்து இரு தரப்பையும் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசமே இல்லை. ஆங்கிலத்திலும் சூழ்நிலையியலிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது; அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இந்தியில் மட்டும் பெரிய பாய்ச்சல். அரசு ஆரம்பப் பள்ளிகளில் அப்போது இந்தி அநேகமாகக் கிடையாது என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை. நல்ல மாணவர்கள் கிளம்பிப் போனதால் அரசுப் பள்ளியில் மிஞ்சியவர்களின் படிப்பு கெட்டதா என்றும் பார்த்தார்கள். கெடவில்லை.

இந்த ஆய்வை அரசுப் பள்ளி ஆதரவாளர்கள் "பார்த்தீர்களா, ஒரு வித்தியாசமும் இல்லை" என்று காட்டுவார்கள். மறு தரப்பு அதே ஆய்வின் வேறு பக்கத்தைத் திறக்கும்: அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசுப் பள்ளி செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. தெலுங்குக்கும் கணக்குக்கும் ஒதுக்கிய பாட நேரமும் குறைவு. மிச்ச நேரம் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் போனது. குறைந்த நேரத்தில், குறைந்த காசில், அதே கற்றல். என் கருத்தில் இரு தரப்பும் சொல்வது சரிதான். நாட்டுக்கு இது திறமையான ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் உங்கள் அக்காவுக்கு அரசு செய்யும் செலவு பற்றி என்ன கவலை? அவருக்கு அரசுப் பள்ளி இலவசம், இந்தப் பள்ளிக்குக் கைக்காசு.

சரி, அந்த மூன்றில் ஒரு பங்குச் செலவு எப்படிச் சாத்தியமாகிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் பெரும்பாலான விவாதங்கள் இதைத் தொடுவதே இல்லை. ஒரு பேச்சுக்கு 200 பிள்ளைகள், மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் 1,60,000 வரும். கைக்கு அவ்வளவும் வராது. நான் பார்க்கிற ஃபீஸ் நோட்டுகளில் பாதிப் பெயர்களுக்கு நேரே "பேலன்ஸ்" என்று பென்சிலில் ஒரு தொகை இருக்கும். பாட்டி வந்து 300 கட்டிவிட்டுப் போவார், அப்பா சீட்டு எடுத்ததும் தருவதாகச் சொல்லியிருப்பார், ஒரு குடும்பம் வீடு மாற்றிக்கொண்டு போயே போய்விட்டிருக்கும். வந்ததில் கட்டட வாடகை, கரண்ட், ஆயா சம்பளம், அங்கீகாரத்தைப் புதுப்பிக்கிற செலவு. எட்டு ஆசிரியைகளுக்கு மிஞ்சுவதைப் பிரித்தால் ஆளுக்கு எட்டாயிரம் வந்தால் பெரிய விஷயம். கரஸ்பாண்டென்ட் கொள்ளையடிக்கிறார் என்று ஊர் பேசும். பெரிய மெட்ரிக் பள்ளிகளை விடுங்கள், இந்த மாதிரி பள்ளிகளில் கோடைக்கால இரண்டு மாதச் சம்பளத்தைப் போட நகையை அடகு வைக்கிற கரஸ்பாண்டென்ட்டுகளை எனக்குத் தெரியும். ஆக, மலிவின் ரகசியம் ஒன்றே ஒன்று: ஆசிரியைக்குக் கொடுக்கிற சம்பளம். அரசு ஆசிரியர் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் கீழ்.

அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பது எப்படி? பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களை 2003 முதல் வருடக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்த தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் குவாஜா குழு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. எந்தக் கிராமத்தில் முன்பு அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி கட்டப்பட்டதோ, அந்தக் கிராமத்தில் பிற்பாடு தனியார் பள்ளி முளைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு அளவுக்குக் கூடுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள், ஊரைவிட்டு வேலைக்குப் போக வீட்டில் விடாத பெண்கள், உள்ளூரிலேயே குறைந்த சம்பளத்துக்கு டீச்சர் ஆனார்கள். ஆக, ஏழைகளின் தனியார் பள்ளி அரசின் துணையில்லாமல் சந்தை தானாகப் படைத்த அற்புதம் என்று பேசுவோர் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். முந்தைய தலைமுறைப் பெண்களை அரசு படிக்க வைத்ததன் வட்டியில்தான் அது ஓடுகிறது. நம் பக்கமும் அப்படித்தான். ஜவுளிக்கடை பில்லிங் வேலையில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் டீச்சர் நவம்பரிலேயே நின்றுவிடுவார். அந்த வகுப்புக்கு மார்ச்சுக்குள் மூன்றாவது டீச்சர் வந்திருப்பார்.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெலிந்த கயிற்றில் தொங்குகிறது என்பது கொரோனாவில் தெரிந்தது. பள்ளிகள் மூடின, ஃபீஸ் நின்றது, ஆசிரியைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தெலங்கானாவில் 2021 ஏப்ரலில் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் தருவதாக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018-இல் 65.6 சதவீதம், 2022-இல் 72.9 ஆனார்கள், 2024-இல் மறுபடி 66.8. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கும் 'அசர்' கணக்கெடுப்பின் எண்கள் இவை. வருமானம் திரும்பியதும் பெற்றோர்கள் தனியாருக்கே திரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். அத்தனை பேரும் விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் என்னத்தைத்தான் வாங்குகிறார்கள்? இங்கிலீஷ் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவின் 2005 குடும்பத் தரவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், படிப்பு முதலிய மற்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், சரளமாக ஆங்கிலம் பேசும் ஆண்களின் மணிக்கூலி ஆங்கிலமே தெரியாதவர்களைவிட 34 சதவீதம் கூடுதல் என்று வந்தது. பெற்றோருக்கு இந்த எண் தெரியாது, உண்மை தெரியும். சிக்கல் எங்கே என்றால், பள்ளி பெயர்ப்பலகையில் இருக்கிற இங்கிலீஷ் பிள்ளையின் வாய்க்கு எவ்வளவு வருகிறது என்பதில். தெலங்கானாவில் மேடக் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஆங்கிலப் பாடத்தின் ஒரு முழுப் பக்கத்தைத் தட்டுத் தடங்கலின்றி வாசித்தான். அசந்துபோய், கையால் சைகை எதுவும் காட்டாமல், கதவைச் சாத்து என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் நிமிர்ந்து நின்று, நான் சொன்ன அதே வாக்கியத்தை என்னைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். டீச்சர் பெருமையோடு என்னைப் பார்த்தார். கதவு திறந்தே இருந்தது.

இங்கிலீஷைத் தவிர இன்னொன்றையும் வாங்குகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: கேள்வி கேட்கிற உரிமை. 2003 வாக்கில் இந்தியா முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது நாலில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. ஃபீஸ் கட்டுகிற அம்மா ஹோம்வொர்க் டைரியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்று "மிஸ், நேற்று ஏன் கையெழுத்துப் போடலை?" என்று கேட்க முடியும். அரசுப் பள்ளியில் அதே அம்மா கேட்டால், எல்லா இடத்திலும் இல்லை, பல இடங்களில் கிடைக்கிற மரியாதை வேறு. வீட்டு வேலை செய்பவருக்கு "மேடம், உட்காருங்க" என்று யாராவது சொல்கிற இடங்கள் குறைவு. அதற்கு விலை உண்டு என்று நினைக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இதுவரை சொன்னதில் ஆந்திரக் குலுக்கலின் முடிவையும் சம்பளக் கணக்கையும் நான் உறுதியாக நிற்கக்கூடியவையாக வைப்பேன். அவ்வளவு உறுதியில்லாதவையும் உண்டு. அதே ஆய்வில், தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் கணக்கு போன்ற பாடங்களில் நன்றாகச் செய்தார்கள், ஆங்கில வழிக்குத் திடீரென்று மாறியவர்கள் சறுக்கினார்கள் என்று ஒரு அறிகுறி தென்பட்டது. எனக்கு அது நம்பும்படி இருக்கிறது. ஆனால் நிரூபணம் என்று அதை ஆய்வாளர்களே சொல்லவில்லை. இன்னொன்று, அது கிராமம். சென்னையிலோ கோவையிலோ மாநகராட்சிப் பள்ளியும் வேறு, நர்சரி பள்ளியும் வேறு. கிராமத்து முடிவை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து உங்கள் தெருவில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கென்யாவில் நடந்ததைக் கேள்விப்பட்டுத்தான் பலரும் இந்த விஷயத்துக்கே வருகிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியில் முதல் பள்ளியைத் திறந்த 'பிரிட்ஜ்' நிறுவனம், எழுதிவைத்த பாடத்தை டேப்லெட்டில் அனுப்பி ஆசிரியரை அப்படியே சொல்லவைத்தது. உகாண்டா 2016-இல் அதன் பள்ளிகளை மூடச் சொன்னது. உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவு 2022-இல் விலகியது. அதே 2022-இல் பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் கிரெமரின் குழு வெளியிட்ட குலுக்கல் ஆய்வு, அந்தப் பள்ளிகளில் கென்யப் பிள்ளைகள் கணிசமாக முன்னேறினார்கள் என்றது. இரண்டும் உண்மை. அது ஒரே தலைமையிடம் நடத்தும் சங்கிலி நிறுவனம். உங்கள் தெருமுனைப் பள்ளி ஒரு ஆள், ஒரு வாடகைக் கட்டடம், எட்டு டீச்சர்கள். இங்கே அதை உதாரணம் காட்டி வாதாடுவதில் பொருளில்லை.

நடைமுறைக்கு உதவுகிற செய்தி அந்தப் பாகிஸ்தான் கிராமங்களிலிருந்துதான் மறுபடி வருகிறது. ஒரே ஊருக்குள்ளேயே நல்ல பள்ளிக்கும் மோசமான பள்ளிக்கும் உள்ள தூரம், அரசு-தனியார் சராசரி வித்தியாசத்தைவிடப் பெரிது. அந்தக் குழு பாதிக் கிராமங்களில் ஒவ்வொரு பெற்றோரின் கையிலும் ஒரு அட்டையைக் கொடுத்தது: உன் பிள்ளையின் மார்க், ஊரில் உள்ள ஒவ்வொரு பள்ளியின் சராசரி மார்க். ஒரு வருடத்தில் அந்த ஊர்களில் பிள்ளைகளின் கற்றல் கூடியது, தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் இறங்கியது, சேர்க்கையும் ஏறியது. படிக்காத பெற்றோருக்கு எது நல்ல பள்ளி என்று தெரியாது என்று நாம் பேசுகிறோம். தகவல் கையில் கிடைத்ததும் அவர்கள் அதை வைத்துப் பேரம் பேசினார்கள்.

அதனால் "மாநகராட்சியில் போடு" என்று சொல்வதற்கு முன்னால் அந்த அட்டையை நீங்களே தயார் செய்து கொடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும், மாநகராட்சிப் பள்ளியில் அதே இரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையும் உட்கார வையுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத நாலு வரித் தமிழ்க் கதை, கடன் வாங்கிக் கழிக்கும் ஒரு கணக்கு, நான் மேடக்கில் செய்தது போல ஆங்கிலத்தில் ஒரு கட்டளை. அரை மணி நேரத்தில் ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு பள்ளியிலும் போன வருடம் இருந்த வகுப்பாசிரியர் இந்த வருடமும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் அது பரவலாக வந்திருக்கிறது, பல பெற்றோருக்கு அது தெரியாது. நர்சரி பள்ளியின் மாடிப்படியையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் வெந்து இறந்தது, ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை அடைத்து, மேலே கூரை வேய்ந்து, குறுகலான ஒற்றை வழி விட்டிருந்த இடத்தில். மலிவுக்காக எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் மட்டும் கூடாது.

பிறகு, தமிழ்நாட்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. பெண் பிள்ளை கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மூன்றுக்கும் எல்லைக்கோடு ஆறாம் வகுப்புதான். பையனுக்கு ஃபீஸ் கட்டி, பெண்ணை இலவசப் பள்ளிக்கு அனுப்புவது இந்தியா முழுக்க வீடுகளில் நடக்கிற பாரபட்சம். உங்கள் அக்கா வீட்டில் விஷயம் இப்படியே போனால் இந்தச் சலுகைகள் மகளுக்குக் கிடைக்கும், காசு கொட்டிப் படிக்க வைத்த மகனுக்குக் கிடைக்காது. அவரிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பையனை மாற்றினால் இவற்றில் எதையும் அவன் இழக்கப் போவதில்லை. ஆகவே இன்றைக்கே பிடுங்கி மாற்ற வேண்டிய அவசரம் கிடையாது.

ஒருவேளை நடுவில் மாற்றவேண்டி வந்து, பழைய பாக்கிக்காக டி.சி. தர மறுத்தார்கள் என்றால் பயப்பட வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. அதே சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடம் நுழைவு வகுப்பில்தான், அதாவது எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ. இந்தப் பையனுக்கு அந்த வண்டி போய்விட்டது. வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருந்து, ஆண்டு வருமானமும் 2 லட்சத்துக்குள் வந்தால், அதற்கான சான்றிதழை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

முன்பணத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போது ரசீது வாங்கி வரச் சொல்லுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டது. அதன்படி அமைந்த குழு பள்ளிவாரியாகத் தொகையை நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவின் நகலைப் பள்ளியில் கேளுங்கள். ரசீதில் இருக்கிற தொகை, உத்தரவில் இருக்கிற தொகை, அக்கா உண்மையில் கட்டுகிற தொகை, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டை, பெல்ட், நோட்டுப் புத்தகம், ஆண்டு விழா, வேன் என்று தனித்தனியாக வாங்கியதையும் சேர்த்து ஒரு வருடத்துக்குக் கூட்டி அவரிடம் காட்டிவிடுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.